அம்மாவின் வலிக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. ராத்திரியெல்லாம் முனகுகிறார். ஆஸ்பத்திரியில் மார்ஃபின் மாத்திரை தந்தார்கள். "அது போதை மாத்திரை, பழகினால் விடாது" என்று கம்பத்திலிருந்து வந்த பெரியம்மா சொன்னதால் பிரிக்கவே இல்லை. தெரிந்தவர் ஒருவர் கஞ்சா எண்ணெய் கொண்டுவந்து, "இது மூலிகை, கட்டியே கரையும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: எண்ணெய் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு, இதுவரை கொடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, சீட்டில் உள்ள அளவில் மார்ஃபினை இன்றைக்கே ஆரம்பியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பெரியம்மா சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. மார்ஃபின் அபினிலிருந்து எடுப்பதுதான். கிறக்கத்துக்காகத் தின்பவர் அதற்கு அடிமையாவார். ஆனால் புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் அப்படி ஆவது அபூர்வம். உடம்பு மருந்துக்குப் பழகும், அது வேறு விஷயம். அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது என்கிறோம்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அம்மா முகம் சுளிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்; வலி ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம். கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். சீட்டில் மலமிளக்கி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருந்து, பெரும்பாலும் தணிந்துவிடும். எழுப்பினாலும் எழாத மயக்கம், மூச்சு மிக மெதுவாவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கால் மரத்தாலோ தளர்ந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

சரி, கஞ்சா. அதில் மருந்தே இல்லை என்று சாதிக்க மாட்டேன். அதிலிருந்து பிரித்த கன்னாபிடியால் என்ற பொருளை, சில அரிய வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. கீமோ வாந்திக்கும் அந்த வகையில் மாத்திரைகள் சில நாடுகளில் உண்டு. அவையெல்லாம் சுத்தம் பார்த்து, அளந்து தயாரித்தவை. உங்கள் வீட்டுக்கு வந்த பாட்டிலில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. மனிதர்களுக்குக் கட்டி கரையும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மார்ஃபினோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். தலைசுற்றி விழுந்தால், புற்று அரித்த எலும்பு முறியும். அதோடு, குமுளி செக்போஸ்ட்டில் பிடிபட்டால் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் வழக்குதான். மூலிகை என்ற பேச்சு அங்கே எடுபடாது.

கேரளத்தில் இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 2008லேயே பாலியேட்டிவ் கேருக்கு, அதாவது வலியையும் அவஸ்தையையும் தணிக்கும் சிகிச்சைக்கு, தனிக் கொள்கை கொண்டுவந்த மாநிலம் அது. பஞ்சாயத்து வழியாக பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆஷா ஒர்க்கரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அம்மாவின் பெயரைப் பதியுங்கள். எத்தனை மணிக்கு வலி வந்தது, எத்தனை மணிக்கு மாத்திரை கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்து நர்ஸிடம் காட்டுங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார், நீங்களாக மாற்றாதீர்கள்.

மாத்திரை அட்டையைப் பூட்டி வையுங்கள். மூட்டுவலி என்று நாளைக்குப் பெரியம்மாவே கேட்டாலும் ஒன்றுகூடத் தராதீர்கள்.