செங்காந்தள்: நஞ்சும் மருந்தும் – கேள்வி பதில்

காட்பாடி வாசகர்: வேலியில் செங்காந்தள் படர்ந்திருக்கிறது. வீட்டில் சிறு குழந்தை உண்டு. வைத்திருக்கலாமா?

வேண்டாம். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறும் அந்தக் கொடி நம் மாநில மலருக்குரியதுதான். ஆயினும் செடி முழுதும் நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் மிகுதி. கையுறை அணிந்து கிழங்கோடு அகற்றுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று எண்ணி இதைச் சமைத்து உண்டவர்கள் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு அழியாது.

குடியாத்தம் வாசகர்: தின்றவருக்கு வாந்தி நின்றுவிட்டால் ஆபத்து நீங்கியதாகக் கொள்ளலாமா?

கூடவே கூடாது. இதிலுள்ள கோல்கிசின் எனும் நஞ்சு, செல் பிரிவதற்கு வேண்டிய நுண்குழல்கள் உருவாவதைத் தடுப்பதால், விரைந்து பிரியும் செல்களைக் கொண்ட குடலும் எலும்பு மஜ்ஜையும் பெரிதும் அடிபடுகின்றன. தின்ற சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை தணிந்து, தேறிவிட்டார் என்று வீட்டார் நம்பும் அடுத்த சில நாட்களில்தான் வெள்ளணுக்கள் சரிந்து, சிறுநீரகமும் இதயமும் தளரும். பிழைத்தவர்களுக்கும் பின்னர் முடி கொத்தாக உதிர்வதுண்டு. எளிதில் கிடைக்கும் முறிவு மருந்து இல்லை. அறிகுறிக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவர் அனுப்பும் முன் வீடு திரும்பாதீர்கள்.

ஆம்பூர் வாசகர்: மூட்டுவலிக்குக் கிழங்குப்பொடி எவ்வளவு எடுக்கலாம்?

அளவு சொல்ல மாட்டேன். கவுட் எனும் மூட்டுநோய்க்குக் கோல்கிசின் மாத்திரை உண்டு. அதிலேயே மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி குறுகியது. கிழங்கிலோ நஞ்சின் அளவு செடிக்குச் செடி மாறும்.

ஆரணி வாசகர்: சித்த மருத்துவத்தில் கிழங்கை ஊறவைத்து நஞ்சு நீக்கி, அதாவது சுத்தி செய்தே கொடுக்கிறார்கள். சுத்தி செய்தபின் நஞ்சு ஏது? மரபை இகழ்கிறீர்கள்.

இகழவில்லை, ஐயா. கலப்பைக்கிழங்கு எனப்படும் இந்தச் செங்காந்தள் கிழங்கை நஞ்சென்று அறிந்ததால்தான் முன்னோர் சுத்தி முறையையே வகுத்தார்கள். ஊறவைக்கும்போது கோல்கிசினில் ஒரு பகுதி நீரில் இறங்கும், மிச்சம் கிழங்கிலேயே நிற்கும். முழுதும் போய்விட்டால் மூட்டு வீக்கத்தைத் தணிக்க அதில் எது இருக்கும்? பயின்ற சித்த மருத்துவர் தருவதும், காணொளி பார்த்து வீட்டில் ஊறவைத்து விழுங்குவதும் ஒன்றல்ல.

ஆரணி வாசகர்: பிரசவத்தின்போது கிழங்கை அரைத்து வயிற்றின்மேல் பற்றுப் போட்டார்களே, அதையும் மறுப்பீர்களா?

அப்படிச் செய்ததை மறுக்கவில்லை. அன்று ஊரில் மருத்துவமனை இல்லை, மருத்துவச்சிக்கு வேறு வழியும் இல்லை. இன்று கர்ப்பிணியின் அருகே இந்தக் கிழங்கைக் கொண்டுசெல்வதை என்னால் ஏற்க முடியாது.

திருப்பத்தூர் வாசகர்: மூட்டுவலிக்கு விதையைச் சாப்பிடலாமா?

ஆம்பூர் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும். விதையைத் தொடாதீர்கள்.

வாணியம்பாடி வாசகர்: மஞ்சள் அரளி விதையும் இதே நஞ்சுதானா?

இல்லை, அது இதயத் துடிப்பைக் குலைக்கும் வேறு நஞ்சு. தின்றவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாந்தி நின்றாலும் அங்கிருந்து அழைத்து வராதீர்கள்.