ஐஸ் அதிகாரிகள் கடைக்கு வந்தால்: உங்கள் கேள்விக்குப் பதில்

பக்கத்துக் கடைக்கு ஐஸ் (ICE, அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறை) அதிகாரிகள் வந்து போனார்கள், நம் உணவகத்துக்கு வந்தால் சமையலறைக்குள் விடத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அது அவர்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் பொறுத்தது.

சாப்பிடும் கூடத்துக்கு யாரும் வரலாம், அவர்களும்தான். சமையலறை, ஸ்டோர் ரூம் அப்படியில்லை. அங்கே நுழைய உங்கள் சம்மதமோ நீதிபதி கையெழுத்திட்ட வாரன்டோ வேண்டும். ஐ-200 (கைது வாரன்ட்), ஐ-205 (நாடுகடத்தல் வாரன்ட்) படிவங்கள் குடிவரவு அதிகாரிகளே கையெழுத்திடுபவை, அவை போதாது. காகிதத்தின் மேலே நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, கல்லாவில் நிற்பவருக்கு இதைச் சொல்லி வையுங்கள். அவர் பதற்றத்தில் "வாங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டால் அதையே சம்மதம் என்பார்கள்.

மீறி நுழைந்தால் மறித்து நிற்காதீர்கள். "எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்லிவிட்டு, நடப்பதை வீடியோ எடுங்கள். ஆட்களை ஒளித்து வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஊழியர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். பொய் மட்டும் கூடாது.

அப்புறம், ஐ-9 படிவங்களை (ஊழியர்கள் வேலை செய்ய அனுமதி உள்ளவர்களா என்று நீங்கள் சரிபார்த்து வைப்பவை) கேட்டு நோட்டீஸ் வந்தால் குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் உண்டு. அன்றே தூக்கிக் கொடுக்காமல் குடிவரவு வக்கீலிடம் காட்டுங்கள். பழைய தேதி போட்டுத் திருத்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.