வட்டத்தின் மேல் தொகையீடு: கணுவை முதலிலேயே குறித்துவிட்டால்

கேள்வி: காஸ் விதி, சார்பின் மதிப்பைச் சில புள்ளிகளில் (கணுக்களில்) எடுத்து, எடையிட்டுக் கூட்டித் தொகையீட்டைக் கணிக்கும். அதில் இடைவெளியின் ஒரு முனையைக் கட்டாயக் கணுவாக்கினால் துல்லியத்தில் ஒரு படி போய்விடுகிறது. ஓரலகு வட்டத்திலும் அப்படித்தானா?

பதில்: இல்லை, வட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. நேர்கோட்டு இடைவெளியில் 10 கணு காஸ் விதி 19ஆம் படி வரையான பல்லுறுப்புக்கோவைகளுக்குப் பிழையின்றி விடை தரும். ஒரு முனையை நிறுத்தினால் 18 (ராடோ), இரண்டையும் நிறுத்தினால் 17 (லொபாட்டோ). வட்டத்தில் காஸ் விதிக்கு இணையான 10 கணு செகோ விதி, இசட்டின் (வட்டத்தின் மேலுள்ள கலப்பெண்) −9 முதல் +9 வரையான 19 அடுக்குகளுக்கும் சரியாக வரும். நம் கையில் இருப்பதோ 10 கோணங்களும் 10 எடைகளும், ஆக 20. மிஞ்சும் அந்த ஒன்றை வைத்து வட்டத்தில் எந்தப் புள்ளியையும் கணுவாக்கலாம். துல்லியம் துளியும் குறையாது, எடைகளும் நேர் எண்களாகவே இருக்கும்.

கேள்வி: அந்தக் கணுவை எப்படிப் பிடித்து வைப்பது?

பதில்: எடைச் சார்புக்கு (தொகையீட்டுக்குள் பெருக்கியாக நிற்கும் சார்பு) உரிய செங்குத்துப் பல்லுறுப்புக்கோவையின் மூலங்கள் வட்டத்துக்கு உள்ளே விழுவதால் அவை கணுக்களாக உதவாது. கெழுக்களின் வரிசையைத் திருப்பி, இணையெண் எடுத்தால் தலைகீழ்க் கோவை கிடைக்கும். அதை மட்டு 1 உள்ள ஒரு கலப்பெண்ணால் பெருக்கி முதல் கோவையோடு கூட்டுங்கள். இப்போது மூலங்கள் எல்லாம் வட்டத்தின் மேலேயே, தனித்தனியாக அமையும். பெருக்கியைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: விரும்பிய புள்ளியில் முதல் கோவையின் மதிப்பைத் தலைகீழ்க் கோவையின் மதிப்பால் வகுத்து, குறியை மாற்றினால் சரி.

கையால் போட்டுப் பார்க்க ஒன்று. பாய்சான் உட்கருவை (1இல் உயர்ந்து −1இல் தாழும் நேர்ச் சார்பு) ஆரம் 1/2 உடன் எடைச் சார்பாக எடுத்து, மொத்தத்தை 1 ஆக்குங்கள். 2 கணுக்களில் ஒன்றை 1இல் நிறுத்தினால் மற்றது −1இல் வரும். எடைகள் 3/4, 1/4. இசட்டின் தொகையீடு 1/2. விதியும் 3/4 − 1/4 என்று அதையே தருகிறது.

கேள்வி: எடைச் சார்பு மாறிலி என்றால்?

பதில்: பழைய சரிவக விதிதான். சம இடைவெளிக் கணுக்களை மொத்தமாகச் சுழற்றி, ஒன்றை வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

கேள்வி: மாறிலி எடைக்கு 1, −1 இரண்டையும் நிறுத்தி 3 கணு விதி கேட்டால் கணினி நிரல் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: நிரலைக் குறை சொல்லாதீர்கள், அப்படி ஒரு விதியே கிடையாது. இரண்டு கணுக்களை நிறுத்த, கடைசிப் பெருக்கியோடு அதற்கு முந்தைய ஷூர் அளவுருவையும் (செங்குத்துக் கோவைகளைப் படிப்படியாக உருவாக்கும், மட்டு 1க்குக் குறைந்த எண்களில் ஒன்று) மாற்ற வேண்டும். அதனால் இரு பக்கமும் ஓர் அடுக்கு குறையும்: 10 கணுக்களுக்கு −8 முதல் +8 வரை. பெரும்பாலும் இது நடக்கும். ஆனால் கேட்ட இரண்டு புள்ளிகளும் ஒரு கணு குறைந்த செகோ விதி ஒன்றில் ஏற்கெனவே சேர்ந்து இருந்தால் வழி அடைபடும். உங்கள் கணக்கில் 1, −1 இரண்டும் எடை 1/2 வீதம் 2 கணு விதியாகவே இருக்கின்றன. மூன்றாவது கணுவுக்குக் கிடைக்கும் எடை பூச்சியம்தான். அளவுருவின் மட்டு 1ஐ நெருங்கும்போதே எச்சரிக்கை தரும்படி நிரலில் ஒரு சோதனை வைப்பது நல்லது.

கேள்வி: மூன்று, நான்கு கணுக்களை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தலாம், ஆனால் எடைகள் நேர் எண்களாக வரும் என்ற உறுதி போய்விடும். மாறிலி எடைக்கு எல்லாக் கணுக்களையும் அரைவட்டத்துக்குள் நெருக்கினால் நேர் எடைகளால் இசட்டின் தொகையீட்டைக்கூடப் பூச்சியமாக்க முடியாது.

கேள்வி: பெரிய கணக்குகளில் மூலங்களை நேரடியாகத் தேடலாமா?

பதில்: வேண்டாம். ஷூர் அளவுருக்களிலிருந்து யூனிட்டரி ஹெசன்பர்க் அணியையோ (முதன்மை மூலைவிட்டத்துக்குக் கீழே ஒரே ஒரு மூலைவிட்டம் மட்டும் உள்ள அணி), ஐந்து மூலைவிட்ட சி.எம்.வி. அணியையோ அமைத்து, கடைசி அளவுருவின் மட்டை 1 ஆக்குங்கள். ஐகன் மதிப்புகளே கணுக்கள். அலகு நீள ஐகன் திசையன்களின் முதல் கூறுகளுடைய மட்டின் வர்க்கம், மொத்த எடை 1 எனில், அப்படியே எடைகள்.