நன்கொடை முழுவதையும் புரொஜெக்டரில் போட்டுவிடாதீர்கள்

உங்கள் அரங்கில் 4 மீட்டர் அகலத் திரை, மங்கிய லாம்ப் புரொஜெக்டர், டிவிடியில் ஓடும் பழைய படம். நன்கொடையாளரோ “புரொஜெக்டருக்கு மட்டும்தான் தருவேன்” என்கிறார், சரிதானே என்று கேட்டிருந்தீர்கள்.

அப்படியே வாங்க வேண்டாம். டிவிடியின் உயரம் 480 அல்லது 576 வரிதான். மிக நுணுக்கமாகக் காட்டும் 4கே கருவியில் அதன் குறைகள்தான் பளிச்சென்று தெரியும். “புரொஜெக்டர்” என்ற இடத்தில் “அரங்க மேம்பாடு: கருவி, பொருத்துதல், படம், பராமரிப்பு” என்று நன்கொடைக் கடிதத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். பணம் வந்தபின் நோக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

வெளிச்சக் கணக்கு: சாதாரண வெள்ளைத் திரைக்கு, முழு இருட்டில், சதுர மீட்டருக்குச் சுமார் 150 லூமென் (வெளிச்சத்தின் அளவு). உங்கள் திரையின் அகல-உயர விகிதம் 16:9 என்றால் 9 சதுர மீட்டர், அதாவது 1,350. ஆனால் பார்வையாளர்கள் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மடங்காவது வையுங்கள். 4,500 லூமென் லேசர் புரொஜெக்டர் போதும்.

பெரும்பாலான லேசர்களுக்குச் சொல்லும் 20,000 மணி நேரம் என்பது வெளிச்சம் பாதியாகும் வரைதான். நாளுக்கு 8 மணி, வருடம் 300 நாள் என்றால் எட்டு வருடம். நன்கொடையாளரின் பெயர்ப்பலகையையும் அதே காலத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த கருவிக்கு அடுத்த நன்கொடையாளர் வேண்டுமே!

பழைய டிவிடிக்குப் பதிலாக வாங்கும் புதுப் படத்துக்குப் பொதுத் திரையிடல் உரிமை எழுத்தில் இருக்கட்டும். மாஸ்டர் கோப்பையும் (முழுத் தரமுள்ள மூலக் கோப்பு), தனிக் கோப்பாக வசனவரியையும் (சப்டைட்டில்) கேட்டு வாங்குங்கள். வசனவரி படத்தோடு ஒட்டியே வந்தால் பிறகு மொழி மாற்ற முடியாது.