கிளாரினெட் கற்கும் மாணவர் எந்த மவுத்பீஸ் வாங்கலாம்?

ஒரு வருஷமாகக் கற்றுக்கொள்கிறேன், கருவியோடு வந்த யமஹா 4சி மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் பகுதி) மாற்றிவிட்டு வேண்டோரன் பி45 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன். பேண்டு செட்டில் சேர்ந்த புதிதில் இதே அவசரத்தில் பி45 வாங்கி, கையில் இருந்த 3ஆம் நம்பர் ரீடையே (ஊதினால் துடிக்கும் நாணல் பட்டை, நம்பர் கூடக்கூட விறைப்பு) அதில் மாட்டிக்கொண்டு ஆடித் திருவிழா ஊர்வலத்துக்குப் போனேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் உதடு மரத்துப்போய், கடைவாயில் காற்று புஸ்ஸென்று ஒழுக ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் டிரம் அடித்த அண்ணன் "தம்பி, நீ விரலை மட்டும் ஆட்டிக்கிட்டு வா, போதும்" என்றார்.

விஷயம் இதுதான். ரீடு நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவே உள்ள திறப்பு 4சி-யில் 1.05 மி.மீ., பி45-இல் 1.195 மி.மீ. வித்தியாசம் இரண்டு தலைமுடி கனம்தான், ஆனால் அந்த இடைவெளியை ரீடு ஒவ்வொரு துடிப்பிலும் மூடித் திறக்க வேண்டுமே, திறப்பு அகலமானால் ரீடு மெலிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தாடையால் கடித்துத்தான் வாசிப்பீர்கள், அந்தப் பழக்கம் வந்துவிட்டால் லேசில் போகாது. நாதஸ்வரக்காரர்கள் சீவாளிக்குப் படுகிற பாட்டில் பாதிகூட நாம் ரீடுக்குப் படுவதில்லை. அதனால் முதலில் 4சி-யிலேயே 2, 2.5 நம்பர் ரீடுகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால் நடுவாந்தரத் திறப்பாகப் பாருங்கள், வேண்டோரனின் 5ஆர்வி லைர் மாதிரி. கடையில் ஏ.சி. ஓடினால் ஐந்து நிமிஷம் ஊதிச் சூடாக்கிவிட்டு அப்புறம் சுருதி பாருங்கள். மார்கழியில் ஏற்காட்டில் வாசித்தவர்களுக்குத் தெரியும், குளிர்ந்த கருவி சுருதி இறங்கித்தான் பேசும்.

எபனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸைக் கொதிநீரில் கழுவாதீர்கள், நம்ம ஊர் வெயிலிலும் வைக்காதீர்கள். என்னுடையது பாசி பிடித்த மாதிரி நிறம் மாறிக் கிடக்கிறது.

வாங்கும்போது ரீடு மாட்டி, கீழ் ஓட்டையை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு வாயை எடுங்கள். ரீடு ஓரிரு நொடி ஒட்டி நின்று 'டப்'பென்று விட்டால் சரி. உடனே விட்டுவிட்டால் வேறு ரீடில் பாருங்கள், அப்போதும் அப்படியே என்றால் அந்த மவுத்பீஸ் வேண்டாம்.