மகளுக்கு கொரோனா ஊசி போடலாமா?

கேள்வி (2022-இல் வந்தது): எங்களுக்கு குளச்சல் பக்கம். மகளுக்கு 13 வயது. கொரோனா ஊசி போட பள்ளியில் சம்மதம் கேட்கிறார்கள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், “பின்னால் குழந்தை பிறக்காதாம், போடாதே” என்கிறார். அவர் இரண்டு ஊசியும் போட்டவர்தான். 2020 ஆகஸ்டில் பிறந்த மகனுக்கு, ஊரடங்கில் வெளியே போகப் பயந்து ஒன்பதாம் மாத ஊசியிலிருந்து எதுவும் போடவில்லை. என்ன செய்யட்டும்?

மருத்துவர் பதில்: மகளுக்குப் போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் கடைசியாகச் சொன்ன விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தனக்குப் போட்டுக்கொண்டவர் மகளுக்கு வேண்டாம் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. நோய் தானாக வந்தால் விதி என்போம். நாம் கையெழுத்துப் போட்டு ஏதாவது ஆகிவிட்டால் நம்மை நாமே மன்னிக்கமாட்டோம். அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் ‘குழந்தை பிறக்காது’ என்பது பழைய கதை. போலியோ சொட்டு மருந்துக்கும் இதையே சொன்னார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி பள்ளிகளில் போட்டபோதும் வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றியது. உங்கள் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு படித்திருப்பாள். அன்றே அந்த ஊசியைப் போட்டிருக்கவும் கூடும்.

2022 மார்ச் 16 முதல் இந்த வயதினருக்குப் போடத் தொடங்கியது கோர்பிவாக்ஸ் என்ற கொரோனா ஊசி. இதில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் ஒரு புரதத் துண்டுதான். மஞ்சள் காமாலை ‘பி’ ஊசியும் இதே முறையில் தயாராவதுதான். வெளிநாட்டில் சில இளைஞர்களுக்கு இதயத்தசை வீக்கம் வந்ததாகப் படித்திருப்பீர்கள். அது பெரும்பாலும், கிருமியின் புரதத்தை நம் உடலையே தயாரிக்க வைக்கும் எம்ஆர்என்ஏ வகை ஊசிகளோடு தொடர்புடையது, இது அந்த வகை அல்ல. 28 நாள் இடைவெளியில் இரண்டு டோஸ். கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். மாதவிலக்கு நாளிலும் போடலாம். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, சின்னவனுக்கு வருவோம். அவனுக்கு விட்டுப்போன ஒன்பதாம் மாத ஊசி தட்டம்மை–ரூபெல்லாவுக்கானது. கொரோனா பெரும்பாலான பிள்ளைகளைச் சளி, காய்ச்சலோடு விட்டுவிடுகிறது. தட்டம்மை அப்படியல்ல. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். தடுப்பாற்றல் இல்லாத 12 முதல் 18 பேருக்கு ஒருவரே பரப்பிவிடுவார். நிமோனியா, கண்பார்வை பாதிப்பு, மூளைக்காய்ச்சல் எல்லாம் அதன் பின்னால் வரக்கூடியவை. கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தோம், இதை மறந்துவிட்டோம். உங்களை மட்டும் சொல்லவில்லை, நிறைய வீடுகளில் இதுதான் நடந்தது.

விட்டதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டாம். தட்டம்மை–ரூபெல்லா ஊசியின் முதல் டோஸை உடனே போட்டு, ஒரு மாதம் கழித்து இரண்டாவதைப் போடலாம். ஒன்றரை வயதில் போட்டிருக்க வேண்டிய முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னிக்கானது), போலியோ சொட்டு மருந்து, வைட்டமின் ஏ திரவம் எல்லாவற்றையும் முதல் நாளே கொடுத்துவிடலாம்.

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை மையத்துக்கோ தடுப்பூசி அட்டையோடு போங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் நர்சம்மாவின் பதிவேட்டில் இருக்கும். முடிந்தால் அங்கிருந்தே வீட்டுக்காரருக்கு வீடியோ காலில் பேசி, போனை நர்சம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.