அமெரிக்காவின் கொலராடோவில் போர் (ஆழ்குழாய்க் கிணறு) போட்ட வீடு வாங்கினால் ஆற்றுக்குத் தண்ணீர் திருப்பித் தர வேண்டும் என்கிறார் தரகர், உண்மையா?

உண்மைதான். உங்கள் தரகர் கதை விடவில்லை. ஏழு வருஷமாக அப்படித் திருப்பித் தந்துகொண்டிருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஆர்கன்சா ஆற்றின் மேல்பகுதியில், புவெனா விஸ்டா பக்கம். குழாய்த் தண்ணீர் கிடையாது, வீட்டுக்கு வீடு போர்தான். குடிபோன முதல் கோடையில் பின்பக்கம் நாலு பாத்தி கட்டி வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் விதைத்தேன். ஹோஸை இழுத்துத் தினமும் தண்ணீர் விட்டேன். ஆகஸ்டில் ஒருநாள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்து நின்றார், எழுபதைத் தாண்டியவர். கீரையைக் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. உங்க போர் பெர்மிட்டைப் படிச்சீங்களா?" என்றார். படிக்கவில்லை. அதில் 'வீட்டுக்குள் புழங்குவதற்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

பட்டா என் பேரில், போர் என் செலவில், மோட்டார் என் கரண்டில் ஓடுகிறது. இதில் தண்ணீர் யாருடையது என்ற கேள்வி நம்மூரில் எழவே எழாது. இங்கே 1969-ல் வந்த சட்டப்படி, ஆற்றோடு தொடர்புள்ள நிலத்தடி நீரும் ஆற்று நீர்தான். அந்த ஆற்று நீரில் யாருக்கு முதல் உரிமை என்பதை 1876-லேயே மாநில அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள்: யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தினார்களோ அவர்களுக்கு. நம்மூரில் தலைமடைக்காரர் பாய்ச்சியது போக மிச்சம்தான் கடைமடைக்கு. இங்கே வாய்க்கால் கடைசியில் இருந்தாலும் பழைய தேதிக்காரர் கை ஓங்கும். ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் அவர் தன் பங்கைக் கேட்பார். அதற்கு 'கால்' என்று பேர் (நம் வாய்க்கால் இல்லை, கூப்பிடுகிற கால்). கால் வந்தால், அவருக்குப் பிந்திய தேதிக்காரர்கள் மேல்கரையில் இருந்தாலும் மடையை மூட வேண்டியதுதான்.

போன தலைமுறையில் மனை பிரித்துப் போட்ட எங்களைப் போன்றவர்களுக்கு வரிசையில் கடைசி இடம். குளிப்பதையும் சமைப்பதையும் நிறுத்த முடியாதே? அதற்குத்தான் 'ஆக்மென்டேஷன் பிளான்': நாம் எடுத்ததால் ஆற்றில் குறைந்ததை வேறு தண்ணீர் கொண்டு ஈடு செய்வது. தண்ணீர் வழக்குகளுக்கென்றே இருக்கிற கோர்ட்டில் அதற்கு உத்தரவு வாங்க வேண்டும்.

எடுத்தது முழுவதையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதுதான் இதில் ஆறுதல். நாலு பேர் குடும்பம் வருஷத்துக்கு 3 லட்சம் லிட்டர் இறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளித்ததும் கழுவியதும் செப்டிக் டேங்க் வழியாக மண்ணுக்குள் இறங்கி ஆற்றுக்கே போய்ச் சேருகிறது. பொதுவாக 10 சதவீதம்தான் தொலைந்ததாகக் கணக்கு. அதாவது 30,000 லிட்டர், மூன்று டேங்கர் லாரி. ஆனால் இரண்டரை சென்ட் புல்தரைக்கு ஒரு கோடையில் ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் அது 46,000 லிட்டர். அதில் 85 சதவீதம் வெயிலுக்கும் புல்லுக்கும் போய்விடும். ஒரு வீடு வருஷம் முழுக்கத் தொலைப்பதைவிட அந்தத் துண்டுப் புல் தொலைப்பது அதிகம். செயலாளர் என் கீரையை அப்படிப் பார்த்தது ஏனென்று அப்போதுதான் புரிந்தது.

ஈடு செய்யும் தண்ணீர் எங்கிருந்து வரும்? எங்கள் சங்கம் ஒரு பழைய பாசன வாய்க்காலில் பங்கு வாங்கி வைத்திருக்கிறது. பங்கை வாங்கினால் மட்டும் போதாது, அது பாய்ந்த நிலத்தைக் காயப்போட வேண்டும். அங்கே பயிர் குடித்த அளவைத்தான் நம் கணக்கில் வைப்பார்கள். ஊருக்குள் போகும் வழியில் அந்த வயல் இருக்கிறது. மரப்பலகை மடை இன்னும் நிற்கிறது, சுற்றிலும் முள்செடி. டெல்டாவில் பிறந்தவன் எனக்கு அதைப் பார்த்தால் என்னவோ போல இருக்கும். இன்னொரு சிக்கல், வாய்க்கால் தண்ணீர் கோடையில்தான் வரும், நாங்கள் குளிப்பது மார்கழியிலும். அதனால் அதில் ஒரு பகுதியைக் குளத்தில் தேக்கி, குளிர்காலத்தில் ஆற்றில் விடுகிறார்கள். அப்புறம் போரில் இன்று எடுத்த தண்ணீரின் பாதிப்பு ஆற்றில் தெரிய மாதங்கள் ஆகலாம், தூரத்துப் போர் என்றால் வருஷங்கள்கூட. மோட்டாரை நிறுத்தினாலும் பழைய கடன் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். லெட்வில் அருகே எம்பயர் லாட்ஜ் என்ற குடியிருப்பின் சங்கம், கோர்ட் உத்தரவு இல்லாமல் மாநிலத் தண்ணீர் அதிகாரியின் வருடாந்திர அனுமதியை வைத்தே மீன் குளங்களை நிரப்பிக்கொண்டிருந்தது. அப்படி அனுமதி தர அதிகாரிக்கு அதிகாரமே இல்லை என்று 2001-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006-ல் சவுத் பிளாட் ஆற்றுப் பக்கம், போதிய ஈடு காட்ட முடியாமல் 400-க்கு மேற்பட்ட பாசனக் கிணறுகள் நின்றன.

சரி, வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் வீட்டைப் பார்க்கும் முன் பெர்மிட்டையும் கோர்ட் உத்தரவையும் கேட்டு வாங்குங்கள். மனை 35 ஏக்கருக்கு மேல் என்றால் தோட்டத்துக்கும் சேர்த்தே பெர்மிட் கிடைக்க வாய்ப்புண்டு. சின்ன மனையில்தான் இத்தனை கெடுபிடி. ஈடு தண்ணீர் சங்கத்தின் சொந்தப் பங்கா, வருஷா வருஷம் குத்தகையா என்று கேளுங்கள். குத்தகை என்றால் நான் யோசிப்பேன்.

கீரை என்ன ஆயிற்று என்கிறீர்களா? 2016 முதல் கூரை மழைநீரை இரண்டு பீப்பாயில் பிடிக்க அனுமதி உண்டு, மொத்தம் 110 கேலன், சுமாராக 415 லிட்டர். நாலு பாத்தி ஒரு பாத்தியாகிவிட்டது. வெந்தயத்தை விட்டுவிட்டேன், கொத்தமல்லி மட்டும்.